அப்பா விட்டுக்கொடுத்த இடம்

அப்பா தன் ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்து அரசாங்க உத்தியோகத்தை விட்டார். எனக்காகத்தான் விட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த நாட்களில் நான் உடுவிலில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். மற்ற ஆசிரியர்களைப் போலவே காலையில் போய், பாடம் நடத்தி, கொப்பி திருத்தி, சம்பளம் மட்டும் இல்லாமல் வீட்டுக்கு வருகிறவள்தான் தொண்டர் ஆசிரியை. கொஞ்ச நாள் படிப்பியுங்கள், நியமனம் வரும்போது உங்களைத்தான் முதலில் எடுப்பார்கள் என்று சொல்லிச் சேர்த்த அதிபர் இளைப்பாறிப் போய்விட்டார். அவருக்குப் பிறகு வந்தவரும் அதையே சொன்னார். நாலாம் வகுப்பு முழுக்க என் பொறுப்பு. கல்விக் கந்தோருக்குப் போய்க் கேட்டால், ஆட்கள் தேவைதான், ஆனால் அரசாங்கம் செலவைக் குறைக்கிறது, புதிதாக யாரையும் எடுக்க வேண்டாமென்று கொழும்பிலிருந்து சொல்லியிருக்கிறார்கள் என்பார்கள். இப்படி மூன்று வருடம் போயிற்று. எனக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. கலியாணப் பேச்சு வந்த இரண்டு இடத்திலும், பிள்ளை ரீச்சர்தானே என்று ஆவலாய்த் தொடங்கினார்கள். சம்பளம் இல்லை என்று தெரிந்ததும் வேறு கதை கதைத்துவிட்டுப் போனார்கள்.

அப்பா பட்டணத்தில் ஒரு திணைக்களக் கந்தோரில் கடிதங்களும் கோவைகளும் பார்க்கிற பிரதம லிகிதர். மானிப்பாயிலிருந்து சைக்கிளில் போய்வருவார். சண்டை நடந்த நாட்களிலும் குச்சொழுங்கைகளால் சுற்றிப் போய், வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்த மனிதர். தொண்ணூறுக்குப் பிந்திய ஒரு மழைக்காலத்தில் அந்தக் கந்தோருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அரச ஊழியர் தொகை கூடிவிட்டது, செலவு தாங்கமுடியவில்லை, விருப்பமானவர்கள் வயது வருமுன்பே பென்சனோடு விலகலாம் என்பது அதன் சாரம். அப்பா அதைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு மூன்று தரம் படித்தார். அம்மாவுக்கு அந்தக் கடதாசியைக் கண்டதே பிடிக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு வேலை வரட்டும், பிறகு விடுவதைப் பற்றி யோசியுங்கள் என்றார். அப்பா கடதாசியை மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். அடுத்த கிழமை கையெழுத்து வைத்துவிட்டார்.

கந்தோரில் அவருக்குப் பிரியாவிடை வைத்தார்கள். வடையும் தேநீரும் கொடுத்து, ஒரு மாலையும் போட்டார்கள் என்று வந்து சொன்னார். சந்தோசமாகத்தான் இருந்தார். வாடும்வரை அந்த மாலையை சைக்கிளின் ஹாண்டிலிலேயே விட்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பென்சன் கடதாசிகள் பார்ப்பதற்காக அந்தக் கந்தோருக்குப் போனவர், வெயிலேறுமுன்பே திரும்பி வந்தார். வந்தவர் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே அறைக்குள் போனார். மூன்றாம் நாள் பின்னேரம் நான் விறாந்தையில் கொப்பி திருத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து இருந்தார்.

“பிள்ளை, உனக்கு ஒரு விசயம் சொல்லவேணும்” என்றார். “நான் எழும்பினா அந்த இடத்துக்கு ஒரு இளம்பிள்ளையை எடுப்பினம் எண்டு நினைச்சன். பழைய ஆக்கள் எல்லாரும் இப்பிடி எழும்பினாத்தானே உங்களுக்கு இடம் வரும். அதுக்குத்தான் விட்டனான்.”

“அது நல்லதுதானே அப்பா” என்றேன்.

“இல்லை. அவங்கள் அந்த இடத்தையே எடுத்துப்போட்டாங்கள். என்னோடை அந்தப் பதவி முடிஞ்சுதாம். மேசையைத் தூக்கி வெளி விறாந்தையிலை போட்டிருக்கு.”

சுற்றறிக்கையின் கடைசிப் பந்தியில் அது இருந்ததாம். விலகுகிறவர்களின் வெற்றிடம் நிரப்பப்படாது என்ற ஒரு வரி. வாழ்நாள் முழுக்கச் சுற்றறிக்கை வாசித்து மற்றவர்களுக்கு விளங்கப்படுத்திய மனிதர், தனக்கு வந்ததைத் தான் விரும்பியபடி வாசித்துவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலிருந்த சிவப்புப் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லித் தேற்றினேன் என்று ஞாபகமில்லை.

பென்சன் வரச் சுணங்கியது. வந்தபோது, அது சம்பளம் வந்த காலத்து வாழ்க்கைக்குப் போதுமானதாக இல்லை. பாணும் பருப்பும் ஏறின விலை இறங்காத காலம். ஒரு காலையில் அப்பா குளித்து, கந்தோருக்குப் போகிற மாதிரியே உடுத்து, தம்பியின் கடையில் போய் இருந்து ஏதாவது செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மானிப்பாய்ச் சந்திக்குச் சற்றுத் தள்ளி சித்தப்பாவுக்கு ஒரு தையற்கடை இருந்தது. இரண்டு மெசின், வெட்டுகிற மேசை ஒன்று, சுவரோடு ஆட்கள் இருக்க ஒரு வாங்கு. முதலாவது மெசின் அப்பா வாங்கிக் கொடுத்தது. கடைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்: லிகிதர்கள், ரீச்சர்மார், தபாற்காரர், ஆசுப்பத்திரி ஊழியர். முந்தி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அரசாங்க ஊழியருக்குப் பண்டிகை முற்பணம் கிடைத்த கையோடு துணி எடுத்துக்கொண்டு வருவார்கள். சித்தப்பா சாப்பிட நேரமில்லாமல் தைப்பார். இப்போது மேலதிக வேலைக் காசை நிற்பாட்டினார்கள், முற்பணம் பிந்தியது, அப்பாவைப் போல விலகினவர்களும் பலர். சித்தப்பாவுக்கு எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. ஆனால் அவருடைய கடையில் புதுச் சேட்டு தைக்கக் கொடுக்கிறவர்கள் குறைந்து, பழைய சேட்டின் கொலரைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைக்கக் கொடுக்கிறவர்கள் கூடினார்கள். தகப்பனின் காற்சட்டையை மகனுக்கு வெட்டிச் சிறிதாக்கக் கேட்டு வந்தார்கள்.

அந்தக் கொலர் பிரிக்கிற வேலைதான் அப்பாவுக்கு. பிளேட்டால் ஒவ்வொரு நூலாகத் துணி கிழியாமல் அறுப்பார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, கந்தோர்க் கோவை பார்ப்பதுபோலப் பார்ப்பார். துளைக்கு நேரே தெறி தைக்கவும் விளிம்பு மடிக்கவும் ஒரு மாதத்தில் பழகிவிட்டார். சனிக்கிழமைகளில் சித்தப்பா கொடுப்பதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கை இன்னும் ஓடுது என்று சொல்லிச் சிரிப்பார். வேலையை விட்டபிறகு அவர் சிரித்தது அந்த நாட்களில்தான்.

அந்தக் கடையில் முதலில் தெறி தைத்துக்கொண்டிருந்தவர் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பெண். கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு புருசனுக்குத் தொழில் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கோவில் வளவில் கொட்டில் போட்டிருந்தார்கள். அவரை நானும் கடையில் கண்டிருக்கிறேன். குனிந்த தலை நிமிராமல் தைப்பார், எழும்பும்போது நிலத்தில் விழுந்த ஊசிகளைத் தடவிப் பொறுக்கிவிட்டுத்தான் போவார். அப்பா போய்ச் சில கிழமைக்குள் அவரைக் காணவில்லை. சுகமில்லாமல் நிற்கிறா என்று சித்தப்பா சொன்னாராம். அப்பா அதை நம்பினார்.

அந்தப் பெண்ணின் மகள் என் வகுப்பில் இருந்தாள். நல்ல எழுத்து. கணக்கில் கெட்டி. அவள் பிந்தி வரத் தொடங்கினாள், பிறகு வாங்கில் தலை வைத்துத் தூங்கத் தொடங்கினாள், பிறகு கிழமையில் இரண்டு நாள் வராமல் விட்டாள். ஒருநாள் இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அம்மாவோடை வெங்காயத் தோட்டத்துக்குப் புல்லுப் புடுங்கப் போறனான் ரீச்சர்” என்றாள்.

“அம்மா தையற்கடையிலை எல்லோ வேலை?”

“இப்ப இல்லை. அங்கை கடைக்காரற்றை சொந்தத்திலை ஒரு பெரிய ஐயா வந்திட்டாராம். அவர் தைக்கிறாராம்.”

அவளுக்கு அந்தப் பெரிய ஐயா யாரென்று தெரியாது. என் முகத்தைப் பார்த்துத் தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதாக நினைத்தாளோ என்னவோ, நாளைக்கு நேரத்துக்கு வாறன் ரீச்சர் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் அதை அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எட்டு நாள் சொல்லவில்லை. அப்பாவின் சிரிப்பைக் கெடுக்க மனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையல்ல. அந்தச் சனிக்கிழமைக் காசில்தான் எனக்குச் செருப்பு வாங்கினோம், என் சைக்கிளுக்குப் பின் ரயர் மாற்றினோம். சம்பளமில்லாத என் வேலையை நான் அந்தக் காசின் மேல் இருந்துதான் செய்துகொண்டிருந்தேன். அந்த எட்டு நாளும் பிள்ளையின் வாங்கைப் பார்க்காமல் பாடம் நடத்தினேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானச் சாப்பாட்டில் சொன்னேன். அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கையைக் கழுவினார். அம்மா, முழுக்கச் சாப்பிட்டிட்டுப் போங்கோவன் என்றார். அவர் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். நானும் என் சைக்கிளில் பின்னால் போனேன்.

சித்தப்பா மெசினில் இருந்தார். அப்பா நின்றபடியே கேட்டார், உண்மையோ என்று. சித்தப்பா காலை மெசினிலிருந்து எடுத்தார்.

“ரெண்டு பேருக்குக் குடுக்க வேலை இல்லை அண்ணை” என்றார். “உங்களைப் போகச் சொல்ல எனக்கு வாய் வருமோ? அவவைத்தான் சொல்ல முடிஞ்சுது.”

அப்பா அவரை ஏசவில்லை. தன்னை ஏசியிருந்தால் கூட ஆறியிருக்குமென்று சித்தப்பா பிறகு அம்மாவிடம் சொல்லி அழுதாராம்.

கடையிலிருந்து நேரே கோவில் வளவுக்குப் போனோம். அந்தப் பெண் தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் உள்ளே போய் ஒரு ஸ்ரூலைக் கொண்டுவந்து துடைத்து வைத்தார். அப்பா இருக்கவில்லை.

“தங்கச்சி, நான் தெரியாமல் உங்கடை இடத்திலை இருந்திட்டன். நாளைக்கு நீங்கள் போங்கோ. நான் இனி அங்கை வரமாட்டன்” என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எங்கள் உறவு விளங்கியது. ரீச்சரின் தகப்பனாரோ என்று மட்டும் கேட்டார். வெறுந்தேநீர் ஊற்றிப் பனங்கட்டித் துண்டோடு தந்தார். அதைக் குடிக்காமல் வரவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

அவர் திரும்பவும் கடைக்குப் போனார். பிள்ளை ஒழுங்காக வந்தாள். அந்தத் தவணைப் பரீட்சையில் வகுப்பில் இரண்டாம் பிள்ளை. ஆனால் வேலை இல்லை என்று சித்தப்பா சொன்னது பொய்யல்ல. அடுத்த தீபாவளிக்கு மூன்றே மூன்று புதுச் சேட்டுத்தான் தைக்க வந்தது. தை மாதத்துக்குள் சித்தப்பா ஒரு மெசினை விற்றார், மாசிக்குள் கடையைப் பூட்டினார். குருநகர்க் குடும்பம் கொட்டிலைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. மன்னார்ப் பக்கம் என்று சிலர் சொன்னார்கள், இந்தியாவுக்கு வள்ளத்தில் என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பிள்ளை என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அவள் கொப்பி ஒன்று திருத்தாமல் என்னிடம் கிடந்தது. திருத்திப் புள்ளி போட்டு வைத்தேன்.

அப்பா அதன்பிறகு எந்த வேலைக்கும் போகவில்லை. ஒருவரின் இடத்தில் இருக்கப் பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளியும் கீரையும் போட்டார். அம்மா காப்புகளை ஒவ்வொன்றாக அடகு வைத்தார். நான் பின்னேரங்களில் ரியூசன் கொடுத்தேன். ஆனால் ரியூசனுக்கு வந்த பிள்ளைகளின் வீடுகளிலும் எங்கள் வீட்டு நிலைமைதான். பாதிப்பேரிடம் கேட்க வாய் வராது.

என் நியமனக் கடிதம் தொண்ணூற்றைந்தில் வந்தது. தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்து ஏழு வருடம் கழிந்திருந்தது. அம்மா சுவாமிப் படத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு அப்பாவிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்தமுறை கடைசிப் பந்திவரை ஆறுதலாக வாசித்தார். பிறகு திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

“நீ படிப்பிச்ச ஏழு வருசத்தையும் இதிலை காணேல்லைப் பிள்ளை” என்றார். “இண்டைக்குத்தான் சேர்ந்த மாதிரிப் போட்டிருக்கினம்.”

பரவாயில்லை அப்பா என்றேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கே இருந்து, அந்த ஏழு வருடத்தையும் சேவையில் சேர்க்கும்படி தன் அழகான கந்தோர்க் கையெழுத்தில் ஒரு மனு எழுதினார். என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். தானே கொண்டுபோய்க் கொடுத்தார். மறுமொழி வந்ததோ என்று ஒவ்வொரு கிழமையும் கேட்டார்.

அந்த ஐப்பசியில் இராணுவம் நெருங்கிவர, எங்கள் ஊர்கள் இருக்கிற வலிகாமத்துச் சனம் முழுக்க எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. சாவகச்சேரியில் ஒருவரின் மாட்டுக்கொட்டிலில் இருந்தபோது அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பதினொரு நாளில் போய்விட்டார். அந்த மனுவுக்கு மறுமொழி வரவேயில்லை.