அப்பாவின் அடுப்பும் செம்யோன் அண்ணையும்

மயிலிட்டிக் கரையில் மீன்பிடிக் குடும்பமொன்றில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அப்பா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பன்னிரண்டு வயதில் வலை இழுத்தார். ஊர் இடம்பெயர்ந்தபின் இந்த ஜெர்மனி நாட்டுக்கு வந்து சேர்ந்தார். அகதி முகாமில் இருந்ததும், உணவகங்களில் கோப்பை கழுவியதும், விசாவுக்கு அலைந்ததும் உறவுகளாகிய நீங்கள் அறிந்தவையே.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்பதால், "கொப்பரின்ரை நினைவு மலருக்கு நீதான் எழுதவேணும்" என்று அம்மா சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்தபின் மறைக்க மனம் வரவில்லை. அப்பா உயிரோடிருந்த காலம் முழுவதும் நான் ஒரு மனிதர்மீது பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் பெயர் செம்யோன்.

அப்பா தம் கடைசிப் பதினான்கு ஆண்டுகளும் எர்லாங்கனுக்குப் பக்கத்தில் யூத முதியோர் இல்லமொன்றில் சமையற்காரராக இருந்தார். அவர்களுடைய சமயச் சட்டப்படி அங்கே இறைச்சிப் பானை வேறு, பால் பானை வேறு. ஒவ்வொரு முட்டையையும் கண்ணாடிக் கோப்பையில் உடைத்து, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். செட்டையும் செதிலும் உள்ள மீன் மட்டுமே உள்ளே வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்பை யூதர் ஒருவர் பற்றவைக்கவேண்டும். அதன்பிறகுதான் அப்பா அதில் பானை வைக்கலாம். ஒடெசா நகரிலிருந்து வந்த யூதரான செம்யோன் அண்ணை தினமும் காலையில் அடுப்பின் குமிழைத் திருகிவிட்டு, ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சட்டம் தவறாமல் சமையல் நடக்கிறதா என்று அப்பாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் அவருக்கு உத்தியோகம். என் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவருக்குச் சம்பளம்! எனக்கு எப்படி இருந்திருக்கும்?

வெள்ளிக்கிழமைகளில் அங்கே மீன். இந்தப் பக்கத்துக் குளங்களில் வளரும் கார்ப்பன் என்னும் கெண்டை மீனை முள் நீக்கி அரைத்து, வெங்காயமும் முட்டையும் சேர்த்து உருட்டி, அவித்து ஆறவைப்பார்கள். போலந்திலிருந்து வந்த கிழவர் சீனி கேட்பாராம். ஒடெசாக்காரர் மிளகு கேட்பார்களாம். இந்தப் பகுதிக் குடும்பமொன்றில் பிறந்த அம்மையார் ஒருவர் இரு தரப்பையும் ஏசிவிட்டு, உருளைக்கிழங்கு சேர்த்துப் பின்னிச் சுட்ட பாண் எங்கே என்பாராம். எங்கெங்கே வாழ்ந்தார்களோ அங்கங்கே கிடைத்ததெல்லாம் அவர்களுடைய சட்டிக்குள் போயிருக்கிறது. கடைசியாக மயிலிட்டியும் போனது. குளத்து மீனின் சேற்று மணம் பொறுக்காத அப்பா, அதை உப்பும் பழப்புளியும் போட்டுக் கழுவினார். செம்யோன் அண்ணை புளியை முகர்ந்து பார்த்து, சமயப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு கிழமை கழித்துத்தான் சரி என்றாராம். பிறகு அந்த மேசையில் புளியில்லாத மீனை யாரும் தொடவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்பா சொல்லித் தெரிந்தவை. வீட்டில் அவர் ஒரு நாளும் சமைத்ததில்லை. "எங்களுக்கும் அந்த மீனைச் செய்து தாங்கோவன்" என்று கேட்டால், "நாள் முழுக்க அடுப்படியிலை நிண்டிட்டு வாறன், ஏலாது தம்பி" என்பார். ஆனால் அம்மா பொரிக்க எடுக்கும் முட்டையை வாங்கி, வீட்டிலும் கோப்பையில் உடைத்துப் பார்ப்பார். "இஞ்சையும் அவையின்ரை சட்டமோ?" என்று அம்மா பகிடி பண்ணுவார். எனக்குச் சிரிப்பு வராது.

பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு தரமும் கோட்டைவிட்ட கணிதப் பரீட்சையில், கடைசி வாய்ப்பான மூன்றாம் தரம் எழுதித் தேறிய அன்று, அம்மா நண்டுக் கறி வைத்தார். அப்பாவிடம் நானே நேரில் சொல்லவேண்டும் என்று, சோறும் கறியும் பெட்டியில் போட்டுக்கொண்டு சைக்கிளில் பறந்தேன். நேரே சமையலறைக்குள் போய், அவர் மீன் உருட்டும் மேசையில் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தேன். நண்டு அங்கே அறவே கூடாதது என்பது எனக்குத் தெரியும். சந்தோசத்தில் மறந்துபோனேன்.

"டேய்! என்னடா செய்யிறாய்? வெளியிலை கொண்டு போ! போடா!"

அப்பா என்னை அப்படிக் கத்தியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. செம்யோன் அண்ணை கேத்தலை எடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து மேசையில் தீட்டுப் போகக் கொதிநீர் ஊற்றினார்கள். நான் பெட்டியைப் பின்வாசல் படியில் வைத்துவிட்டு, பரீட்சையைப் பற்றிச் சொல்லாமலே வந்துவிட்டேன். அன்று மாலை பெட்டி கழுவித் துடைத்து வீட்டுக்கு வந்தது. குப்பையில் கொட்டியிருப்பார் என்று நினைத்தேன். அவரிடம் கேட்கவில்லை.

பிறகு டார்ம்ஸ்டாட்டில் வேலை கிடைத்துப் போனேன். அப்பா இருதய நோயோடு மருத்துவமனையில் கிடந்த கடைசி மூன்று கிழமையும் விடுப்பு எடுத்து அருகில் இருந்தேன். கண் விழிக்கும்போதெல்லாம் அப்பா கேட்டது, "செம்யோன் அண்ணை வந்தவரோ?" என்றுதான். அவர் தினமும் வந்தார். நான் கதிரையை விட்டு எழுந்து நிற்பேன்.

அப்பா போன மறுநாள் செம்யோன் அண்ணை அவித்த முட்டை, பயறு, மீன் எல்லாம் கொண்டுவந்தார். துக்க வீட்டார் முதல் சாப்பாட்டைத் தாங்களே சமைக்கக்கூடாது, மற்றவர்கள் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். எங்கள் வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. ஆனால் துக்கத்தில் நாங்கள் மச்ச மாமிசம் தொடுவதில்லையே. "முட்டையும் மீனும் இப்ப ஏலாது அண்ணை" என்றார் அம்மா. அப்பாவோடு பதினான்கு வருடம் நின்றவருக்கு அந்த ஒரு சொல் நன்றாகத் தெரியும். "ஏலாது, ஏலாது" என்று தலையாட்டி, பயறை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

தகனம் முடிந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வந்தது. அன்று இறந்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைப்போம். அம்மா நண்டு வாங்கினார். நான் கார்ப்பன் வாங்கிவந்தேன், செய்முறை தெரியாமலே. செம்யோன் அண்ணையைத்தான் கேட்கவேண்டியிருந்தது. தொலைபேசியில் கேட்டேன். அரை மணியில் வந்து நின்றார். அத்தனை நாள் மூட்டாத அடுப்புக்கு முன்னால் நான் குமிழில் கை வைத்தபோது அம்மா தடுத்தார்.

"அவர் பத்தவைக்கட்டும். கொப்பருக்கு அப்பிடித்தானே பழக்கம்."

செம்யோன் அண்ணை குமிழைத் திருகினார். முக்காலி இல்லாததால் கதிரையில் உட்கார்ந்து என் கைகளைப் பார்த்தார். "இன்னும் புளி." "உன் அப்பா இடது கையால் உருட்டுவார்." அப்பாவுக்கு மீன் உருட்டும்போது மட்டும் இடது கை என்பது எனக்குத் தெரியாது. உருண்டையை இடது கைக்கு மாற்றினேன்.

பக்கத்து அடுப்பில் நண்டுக் கறி கொதிக்கத் தொடங்கியதும் அவர் மூக்கை உயர்த்தினார்.

"இந்த மணம்தான்" என்று ஜெர்மனில் சொன்னார். "அன்று மேசையைக் கழுவியபின் உன் அப்பா பின்வாசலுக்குப் போனார். பனிக்குள், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, பெட்டி முழுவதையும் தின்று முடித்தார். தின்னும்போதே, என்ன விசேஷம் என்று கேட்க உன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். வாய் நிறையச் சோற்றோடு சன்னலைத் தட்டி என்னிடம் சொன்னார்: 'கணிதம் பாஸ்! என் மகன்!' அங்கே பார்ப்பது என் வேலை இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகன் ஒடெசாவில். தொலைபேசிகூட எடுப்பதில்லை. உன்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை, தெரியுமா?"

அம்மாவைப் பார்த்தேன். "கொப்பர்தான் சொல்லவேண்டாம் எண்டவர். கத்தினதுக்கு வெக்கம்" என்றார் அம்மா.

படையலில் மீனும் நண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. படைத்தபின் அப்பாவின் மீனை என் வாழ்நாளில் முதன்முதலாகச் சாப்பிட்டேன். புளி கொஞ்சம் கூடிவிட்டது. செம்யோன் அண்ணை எங்கள் வீட்டில் உண்ணமுடியாது. கண்ணாடிக் குவளையில் வெறுந்தேநீர் குடித்தார்.

அப்பாவைக் கவனித்த மருத்துவர்கள், தாதியர், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்காமார், கடமைகளை நின்று நடத்திய மாமா, தொலைவிலிருந்து வந்த உறவுகள், நண்பர்கள் அனைவரையும் எங்கள் குடும்பம் கைகூப்பி நினைக்கிறது.

செம்யோன் அண்ணை, இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். வந்து வாசித்துக் காட்டுவேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அப்பாவே நம்பமாட்டார். அவருடைய இடது கையைப் பற்றிக் கேட்க, உங்களைவிட்டால் எனக்கு யார்? வெள்ளிக்கிழமை காலையில் வாருங்கோ. அடுப்பை மூட்டாமல் வைத்திருப்பேன்.