என் சீட்டைக் கிழிக்க நானே எழுதிய கடிதம்

கல்லூரியில் கம்யூனிகேஷன் டீச்சர் வேலை என்பது, வாயைத் திறக்காத பிள்ளைகளிடம் வாய் ஓயாமல் பேசிவிட்டு, அவர்களுக்குப் பேச்சு வந்துவிட்டதாக மார்க் போடும் வேலை. பொத்தேரியைத் தாண்டி ஒரு என்ஜினீயரிங் கல்லூரியில் பதினொரு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் சோறு. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட உங்களிடம் சொல்லி அழாமல் யாரிடம் சொல்ல?

சிபாரிசு

ஆங்கிலம் பேசப் பழக்கும் ஒரு சாஃப்ட்வேரை வாங்க நிர்வாகத்துக்கு ஆசை. அதைச் சிபாரிசு செய்து கரெஸ்பாண்டென்டுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார் துறைத்தலைவர். அது வந்தால் எங்கள் மூன்று டீச்சர்களின் கதி என்ன என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியே ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தார்.

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம் மேம். நம்ம டிபார்ட்மென்ட்ல உருக்கமா எழுத வர்றது உங்களுக்குத்தான்."

வெள்ளோட்டம்

லேபில் சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் உட்கார்ந்தவள் யாஸ்மின். மாமல்லபுரத்தில் அவள் அப்பாவுக்குச் சிப்பிச் சாமான் கடை. மூன்று வருஷமாக என் வகுப்பில் "எஸ் மேம்" தவிர எதுவும் பேசாதவள், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடை வியாபாரத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பொளந்து கட்டினாள். என்னிடம் ஏன் இப்படிப் பேசவில்லை என்று கேட்டேன்.

"நீங்க நல்லவங்கதான் மேம். ஆனா தப்பா பேசுனா மூஞ்ச ஒரு மாதிரி வெச்சிக்கினு பாப்பீங்க. அது பாக்காது."

வீட்டில் ஆறுதல்

என் கணவர் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். ஸ்டாஃப் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர் சாப்பிட்டு முடிக்கும்வரை என் குறைகளை ஒன்றுவிடாமல் கொட்டினேன். எந்திரத்துக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம்கூட இல்லையா என்று கேட்டபோது அழுகையே வந்துவிட்டது. அவர் கை கழுவிக்கொண்டே யோசித்தார்.

"இருக்கு. அதுல ஆஃப் பண்ண பட்டன் இருக்கும்."

எழுதியது யார்?

இரண்டு நாள் உட்கார்ந்து நான் எழுதிய கடிதத்தைக் கரெஸ்பாண்டென்ட் கூட்டத்தில் இரண்டு முறை படித்தார். அசந்துபோய், யார் எழுதியது என்று கேட்டார். கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர் துறைத்தலைவர். என் பேரைச் சொல்ல அவருக்குக் கூச்சம். தானே எழுதியதாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவருடைய ஆங்கிலம் ஊரறிந்தது. என் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னார். அந்த நிமிஷமே சாஃப்ட்வேர் வாங்க முடிவானது.

"அந்த சாஃப்ட்வேர்தான் சார் எழுதிச்சு."

ஜூன்

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று சொல்லிவிட்டதால் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தேன். ஆபீஸ் மேனேஜர் வந்து, எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைக்கச் சொன்னார். கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் ஆய்வுக்குழு வருகிறதாம். இத்தனை மாணவர்களுக்கு இத்தனை ஆசிரியர்கள் என்று ஆளாக நிறுத்திக் காட்ட வேண்டுமாம். எங்கள் மூன்று பேருக்கும் இன்னும் ஒரு வருஷம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் பாடத்தின் அருமை இப்போதாவது புரிந்ததே என்று சொல்லித் தொலைத்தேன்.

"பாடம் கெடக்குது மேடம். வர்றவங்க தலைய எண்ணுவாங்க. சாஃப்ட்வேருக்குத் தல எங்க கீது?"

ஆகவே சக தொழிலாளர்களே, பதினொரு வருஷம் நாக்கை நம்பிப் பிழைத்த எனக்கு இந்த வருஷம் சோறு போடுவது, கழுத்துக்கு மேலே ஏதோ ஒன்று இருக்கிறது என்ற ஒரே தகுதிதான்.