அணையாத ஸ்கேனர் விளக்கு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாதி நாள் கரண்ட் இல்லாமல் போன அந்த வருடங்களில் பேட்டரியில்தான் பிழைப்பு. ஸ்கேனர் சும்மா இருக்கும்போதும் விளக்கு எரிந்து பேட்டரியைக் குடித்தது. நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஒரு சாஃப்ட்வேரைப் போட்டு, வேலை இல்லாவிட்டால் ரெண்டு நிமிஷத்தில் விளக்கு அணைகிற மாதிரி மாற்றினேன். ஒரு நாளும் அது தப்பியதில்லை.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து அஞ்சலை தன் கொழுந்தனோடு வந்தாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. மறுநாள் கருமாதி, அவள் தாலியைக் கழற்றிவிடுவார்கள். அதற்கு அவன் படத்தைப் பெரிதாக்கி, பொட்டும் மாலையும் வைத்துத் தர வேண்டும்.

படத்தைக் கண்ணாடியில் வைத்து ஸ்கேன் செய்துவிட்டு, கம்ப்யூட்டரில் மாலை போடத் தொடங்கினேன். ரெண்டு நிமிஷம் கடந்தும் ஸ்கேனர் மூடி ஓரத்தில் வெளிச்சம். சாஃப்ட்வேரை நிறுத்தினேன், எரிந்தது. எரிச்சலில் வயரையே பிடுங்கினேன். நம்பினால் நம்புங்கள், அப்போதும் எரிந்தது. படத்தை எடுத்தேன், அணைந்தது. திரும்ப வைத்தேன், எரிந்தது.

“அண்ணா, அணையாம கீது பாருங்க. அவரு இருக்காரு, மாலை போடாதீங்க!” என்றாள் அஞ்சலை.

“மிசினுக்கு இன்னா தெரியும் அண்ணி? ஊர்ல காத்துக்கினு இருக்காங்க, ஜல்தி வாங்க,” என்றான் கொழுந்தன்.

அவள் படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். கருமாதி நடக்கவில்லை.

அதன்பின் கருவாடு விற்க வரும்போதெல்லாம் கடைக்கு வந்து படத்தை நீட்டுவாள். நானும் வாங்கிக் கண்ணாடியில் வைப்பேன். விளக்கு அணையாமல் எரியும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேட்டரி தீருமே என்று முணுமுணுக்க எனக்கு வாய் வராது. வருஷக்கணக்கில் இப்படியே போனது.

ஒரு நாள் மத்தியானம் வைத்தேன். ரெண்டு நிமிஷத்தில், நான் போட்டு வைத்தபடியே, விளக்கு அணைந்தது.

“கரண்ட் இல்லம்மா, பேட்டரி வீக்கு...” என்று உளறினேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையால் நெற்றிப் பொட்டைத் துடைத்துக்கொண்டு, படத்தைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனாள். அப்புறம் வரவே இல்லை.

அன்றைக்கே அந்த ரெண்டு நிமிஷக் கணக்கை எடுத்துவிட்டேன். இப்போது கடை திறந்ததிலிருந்து மூடும்வரை விளக்கு எரிகிறது, கரண்ட் பில் எகிறுகிறது, எகிறட்டும்.

என் பையன் குவைத்தில் இருக்கிறான். போன வாரம் ஏதோ வேலைக்காகத் தன் போட்டோவை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னான். கண்ணாடிவரை கொண்டு போய்விட்டேன். எரிந்தாலும் பயம், அணைந்தாலும் பயம். கடையைச் சாத்திவிட்டு, எதிர்க் கடையில் காசு கொடுத்து ஸ்கேன் பண்ணினேன்.