வில்ஃப்ரெட் நின்ற வரிசை

யார்க்‌ஷயரின் அந்தச் சின்ன ஊரில் வில்ஃப்ரெட்டிடம் முடி வெட்டிக்கொள்ளப் போனால் தலை லேசாகும், காது கனக்கும். பள்ளியில் அடி வாங்கிப் படித்த லத்தீனை மனிதர் வீணாக்குவதாக இல்லை. கையை மடக்கிக் காட்டும் இளைஞனிடம், "மசில்னா லத்தீன்ல சுண்டெலிப்பா. தோலுக்கடியில ஓடுது பாரு" என்பார். நகர்மன்றத் தேர்தலில் நின்றவர் வந்தபோது வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு, "இப்பதான் நீங்க அசல் கேண்டிடேட். ரோம்ல ஓட்டு கேக்கறவன் வெள்ளை உடுத்திக்கிட்டுத்தான் வருவான். அதுலேருந்துதான் அந்தப் பேரே" என்றார்.

"அது கெடக்கட்டும். எனக்கு ஓட்டுப் போடுவியா, மாட்டியா?" என்றார் அவர்.

இவ்வளவு பேசுகிற வாய், எதிரே ரொட்டிக் கடை வைத்திருந்த ஐவியைக் கண்டால் மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஐவி கணவரை இழந்தவர். இவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அந்த ஐவி கடையை மூடிவிட்டு ஸ்கார்பரோவில் அக்கா வீட்டோடு போய் இருக்கப்போகிறார், சனிக்கிழமைதான் கடைசி என்று தெரிந்ததும் வில்ஃப்ரெட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யோசித்து யோசித்து 'கம்பானியன்' என்ற சொல்லைப் பிடித்தார். கூட உட்கார்ந்து ரொட்டி தின்பவர் என்பது அதன் லத்தீன் வேர். ரொட்டிக் கடைக்காரரிடம் கல்யாணப் பேச்சை எடுக்க இதைவிட என்ன வேண்டும்?

சனிக்கிழமை கோட்டும் டையுமாக வரிசையில் நின்றார். கடை வாசல் வந்ததும் டையைச் சரிசெய்வதுபோல் ஒதுங்கினார். "நீங்க போங்க" என்று பின்னால் இருந்தவருக்கு வழிவிட்டார்.

"ஐயோ, நீங்கதான் முதல்ல."

"பரவாயில்லங்க, போங்க."

அந்த ஊரில் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்பது மரியாதை இல்லை. ஒவ்வொருவராக நன்றி சொல்லிவிட்டு முன்னால் போனார்கள். மதியத்துக்குள் ஊரே ரொட்டி வாங்கிப் போய்விட்டது. வில்ஃப்ரெட் மட்டும் தனியாக நின்றார், பாவம். உள்ளே தட்டெல்லாம் காலி. ஐவி விளக்கை அணைத்தார், வெளியே வந்தார், நேராக வில்ஃப்ரெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"இங்க ஏன் நிக்கறீங்க ஐவி?"

"வரிசைன்னா கடைசியிலதான நிக்கணும்? என்னையும் முன்னாடி போகச் சொல்லிடாதீங்க. காலையிலேருந்து பாக்கறேன். என்ன வேணும் உங்களுக்கு?"

வில்ஃப்ரெட் வாயைத் திறந்தார். கண்தான் முதலில் கலங்கியது.

"போகாதீங்க ஐவி" என்றார்.

"அவ்வளவுதானா? லத்தீன் ஒண்ணும் இல்லையா?"

"இருந்துச்சு. மறந்துபோச்சு."

ஐவி சிரித்துவிட்டார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார்: "உள்ள வாங்க. அக்காவுக்கு போன் பண்ணி, எனக்குக் கட்டில் போட வேண்டாம்னு சொல்லணும்."