எட்டிப் பார்த்துவிட்டுப் படியேறியவர்

அப்பா லிஃப்ட் பொத்தானை அழுத்துவார். கதவு திறக்கும். தலையை மட்டும் உள்ளே நீட்டி மேலும் கீழும் பார்ப்பார். பிறகு திரும்பி, ஐந்து மாடியையும் படியேறியே போவார். இருபது வருஷமாக இதே கதைதான்.

அந்த லிஃப்டைப் பராமரிக்கும் மெக்கானிக், ஐந்தாம் மாடியில் கூடவே குடியிருக்கும் அவருடைய சொந்த மகன். "ஏம்ப்பா இப்படி என் மானத்தை வாங்கறீங்க? ஏறினாத்தான் என்ன?" என்று கேட்டால், "பத்து வயசு வரைக்கும் ஷூ லேஸ் கட்டத் தெரியாத பய நீ. நீ கட்டின கம்பியை நம்பி நான் தொங்கணுமா?" என்பார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நடந்து நடந்து கால் தேய்ந்ததே தவிர நாக்கு தேயவில்லை.

எழுபத்தொன்பது வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அம்மா முன்பே போயாகிவிட்டது. "ஐம்பத்திரண்டு வயசுல அநாதைன்னு சொன்னா ஊரே சிரிக்கும்" என்றார் மெக்கானிக். "சிரிக்கட்டும். அநாதை முதல்ல சாப்பிடட்டும்" என்று தட்டை நகர்த்தினாள் மனைவி. சாப்பாடு இறங்கியது. அழுகைதான் வருவேனா என்றது.

மூன்று வாரம் கழித்து, வேலை முடிந்து வந்தவர் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. தலையை நீட்டினார், மேலும் கீழும் பார்த்தார். கால் உள்ளே போக மறுத்தது. ஏறினால் அப்பாவைப் படியில் தனியாக விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. படியேறினார். மறுநாளும் அப்படியே.

இதை இரண்டாம் மாடி வக்கீல் பார்த்துவிட்டார். குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவர்தான். "மெக்கானிக்கே எட்டிப் பார்த்துட்டு ஓடறான்னா உள்ள என்னமோ கோளாறு இருக்கு!" நாலே நாளில் கட்டிடம் மொத்தமும் படியில் ஏறி இறங்கியது. பீரோ ஏறியது, தண்ணீர் கேன் ஏறியது, எல்லோருக்கும் மூச்சு இறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கைக் கீழே வளைத்துப் பிடித்தார்கள்.

"உண்மையைச் சொல்லுங்க. கம்பி அறுந்துடுச்சா?" என்றார் வக்கீல்.

"கம்பி நல்லாத்தான் இருக்கு சார்."

"அப்ப நீங்க ஏன் ஏறல?"

"சும்மா... பழக்கம் சார்."

"இருபது வருஷமா இல்லாத பழக்கமா? இப்ப எங்க கண்ணு முன்னால ஏறுங்க. இல்லேன்னா நாளைக்கே வேற மெக்கானிக்."

வேலையே போய்விடும் போலிருந்தது. ஏறினார். கதவு மூடியது. நாலு பக்கமும் தகரம், பார்க்க ஆளில்லை. அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் உடைந்து கொட்டியது. அது முடிவதற்குள் மூன்றாம் மாடி வந்து கதவும் திறந்துவிட்டது. போன மாதம் இதன் வேகத்தைக் கூட்டியதே தப்பு என்று நினைத்துக்கொண்டார்.

கீழே கேட்ட கூச்சலில் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கப் பொத்தானை அழுத்திய மூன்றாம் மாடி டீச்சர் வெளியே நின்றிருந்தார். அப்பாவுக்குப் படியில் பேச்சுத் துணை அவர்தான்.

"முகத்தைத் துடை தம்பி. உங்கப்பா எனக்கு ஒரு கடன் வச்சிட்டுப் போயிட்டார், தெரியுமா?"

"எவ்வளவு டீச்சர்?"

"காசு இல்லப்பா. எனக்கு லிஃப்ட்னா பயம். அவரோ, 'எனக்கு எண்பது வயசு ஆகட்டும், என் பையனோட லிஃப்ட்ல ஏறத்தான் போறேன், உங்களையும் கூட்டிட்டுப் போறேன்'னு வாக்குக் குடுத்தார். நாலு மாசம் பாக்கி."

மெக்கானிக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டார். "நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க."

"நடுவுல நீ யாருப்பா? அது அவர் பேர்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினார்.