கடைசிப் பதினாறு பக்கங்கள்

போன கிழமை வெள்ளவத்தையில் பல் டொக்டருக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பிள்ளை ஒருத்தி ஃபோனில் நாவல் வாசித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்ப்பது கூடாத பழக்கம்தான், பார்த்தேன். திரையின் அடியில் 'இன்னும் பதினொரு நிமிடம்' என்று இருந்தது. முடிவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை இப்போது புத்தகமே சொல்லிவிடுகிறது. இந்த வசதி என் இருபத்துநான்காவது வயதில் இருந்திருந்தால் ஒரு பெரிய மானக்கேட்டிலிருந்து தப்பியிருப்பேன்.

அப்போது நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் டைப்பிஸ்ட். கொட்டாஞ்சேனையில் வாடகை அறை. வேலை தட்டச்சு என்றாலும் மனத்துக்குள் நான் விமர்சகன். அதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் என்னிடம் இருந்தன: அரைகுறைத் தாடி, கையில் எப்போதும் ஒரு தடித்த ரஷ்ய மொழிபெயர்ப்பு. அந்தப் புத்தகங்களின் வழுவழுத்த தாளில் மண்ணெண்ணெய் போல ஒரு வாசம் இருக்கும். முகர்ந்த அளவுக்கு வாசித்தேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆளுக்கும் மூன்று பெயர். நாற்பதாம் பக்கத்தில் யார் யாருக்கு மாமன் என்று தெரியாமல் கண் சொருகிவிடும்.

உண்மையில் நான் விழுந்து விழுந்து வாசித்தவை பத்திரிகைத் தாளில் உறை போட்டு மறைத்த துப்பறியும் மாத நாவல்கள். கொலைகாரன் பிடிபடும்வரை இறங்க மனமில்லாமல் கடைசித் தரிப்பான மட்டக்குளி வரை பஸ்ஸில் போயிருக்கிறேன். பாணும் பருப்பும் சாப்பிடும்போது முன்னால் ஒரு சமையல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். அதில் வந்த ஆட்டிறைச்சிப் புரியாணியை வாசித்த உருக்கத்தோடு எந்தக் காதல் கவிதையையும் நான் வாசித்ததில்லை. ஆனால் இதையெல்லாம் வாசகர் வட்டத்தில் சொல்லவா முடியும்?

வட்டம் சனிக்கிழமை பின்னேரங்களில் வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பு நடக்கும் ஒரு டியூட்டரியின் மேல்மாடியில் கூடும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கடற்கரை ரயில் போகும்போது பேச்சை நிறுத்தவேண்டும். பேசுபவருக்கு வசனம் மறந்துபோனால் ரயில்தான் காப்பாற்றும்.

என்னுடைய முறை வந்தது. மருதானையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதிகம் பேர் அறியாத ஒரு நாவல் கிடைத்திருந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. எல்லாரும் பேசும் புத்தகத்தை நானும் பேசினால் எனக்கென்ன மதிப்பு? அதன் கடைசி வரி, 'அவள் கதவைத் திறந்தபோது' என்று நின்றது. முற்றுப்புள்ளிகூட இல்லை. நான் சிலிர்த்துப்போனேன்.

அந்த முற்றுப்புள்ளி இல்லாமையைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசினேன். வாசகனின் கையில் கதவைக் கொடுத்துவிட்டுப் போகும் துணிச்சல் என்றேன். மௌனத்தின் அழகியல் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நஸீரா டீச்சர். கொம்பனித்தெருவில் இருந்து வருபவர், ஐம்பது வயதிருக்கும், வட்டத்தில் அதிகம் வாய் திறக்காதவர்.

"தம்பி, நல்லாத்தான் பேசினீங்க. ஆனா அவ கதவத் தொறந்த பொறகு இன்னம் பதினாறு பக்கம் ஈக்குதே?"

அன்றைக்கு என்று ஒரு ரயிலும் வரவில்லை.

முதலில் வட்டத்தின் தலைவர்தான் சிரித்தார். பிறகு எல்லாரும். என்னுடைய பிரதியில் கடைசிப் பக்கங்கள் தையலோடு கழன்று போயிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. அதே பேச்சைக் கட்டுரையாக்கி ஒரு வாரப் பத்திரிகைக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அது வந்துவிட்டது, என் படத்தோடு. கொட்டாஞ்சேனைச் சந்தியில் இருந்த பிரதிகளை எல்லாம் நானே வாங்கினேன்.

"என்ன தம்பி, கலியாண அறிவித்தல் போட்டிருக்கோ?" என்றார் கடைக்காரர்.

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

அதன்பின் வட்டத்துக்குப் போகவில்லை. தாடியை எடுத்தேன். ரஷ்யர்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒரு மத்தியானம் புதுக்கடை அலுவலக வாசலில் குடையோடு நஸீரா டீச்சர் நின்றார். கோபத்தில் முகம் எனக்கு இறுகிவிட்டது. அவர் கைப்பையில் இருந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார்.

"நான் வாசிச்சது லைப்ரரி புஸ்தகம், தர ஏலா. அதான் எழுதிட்டு வந்தன்."

பதினாறு பக்கங்களையும் கையால் எழுதியிருந்தார். வரி பிசகாத, பிள்ளைகளுக்கு எழுதிக்காட்டும் குண்டு எழுத்து.

"எல்லார்ட முன்னுக்கும் சென்னது பிழைதான்," என்றார். "தனியக் கூப்பிட்டுச் செல்லியிருக்கணும். வட்டத்துக்கு வராம ஈக்க வாணாம். அந்தப் புஸ்தகத்தப் பத்திப் பேச எனக்கு வேற ஆள் இல்ல."

நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் ஆற ஆற அதை வாசித்தேன். கதவைத் திறந்தபோது அங்கே புருஷன் இல்லை. அயல்வீட்டுக்காரி கையில் ஒரு மீனோடு நின்றாள். பதினாறு பக்கமும் இரண்டு பெண்களும் அந்த மீனைத் துப்புரவாக்கி, சமைத்து, சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மௌனத்தின் அழகியல் அந்த மீன் குழம்புக்குக் கிட்டவும் நிற்காது.

பத்திரிகைக்கு உண்மையை எழுதினேன். நாலு வரியில், ராசிபலனுக்குக் கீழே போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை மாடிப்படி ஏறியபோது தலைவர் கேட்டார்: "தம்பி, இந்த முறை கடைசிப் பக்கம் வரைக்கும் வந்தனீரோ?" வட்டம் இருந்த காலம் முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பிறகுதான் சமையல் புத்தகத்தைப் பற்றியும் துணிந்து பேசினேன். அன்று அதிகம் கேள்வி கேட்டவர் டீச்சர்தான்.

டியூட்டரி இருந்த இடத்தில் இப்போது தொடர்மாடி வீடுகள். தலைவர் கனடா போய் அங்கேயே காலமானார். வட்டம் எந்தச் சனிக்கிழமையோடு நின்றது என்பதுகூட எனக்கு நினைவில்லை. நாங்கள் யாரும் அதை முடித்துவைக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் டீச்சரைத் தேடிக் கொம்பனித்தெருவுக்குப் போனேன். ஒருமுறை பெருநாளுக்கு அவர் வீட்டில் வட்டிலப்பம் சாப்பிட்டிருக்கிறேன். சந்துக்குள் மூன்றாவது வாசல், பச்சைத் திரைச்சீலை. சந்து இல்லை. கண்ணாடிக் கட்டடம் ஒன்று வானம் முட்ட நின்றது. வாசல் காவலாளி எழுந்து மரியாதையாகச் சிங்களத்தில் கேட்டார்:

"கீவெனி தட்டுவத, மாத்தயா?"

எத்தனையாவது மாடி என்று கேட்கிறார். டீச்சரின் வீட்டுக்கு மாடியே இருக்கவில்லை. அதைச் சொல்லும் அளவுக்கு என் சிங்களம் போதும். ஆனாலும் அண்ணாந்து, கீழிருந்து மாடிகளை எண்ணத் தொடங்கினேன்.