ஆறுமணிக் குருவியின் கால் வளையம்

மார்கழிப் பனியில் விறைத்துப்போன என் விரல்களுக்குள் அந்தக் குருவி தணிந்த அடுப்பின் சாம்பலைப் போல இளஞ்சூடாக இருந்தது. அதன் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், நமுனுகுல மலையில் எங்கள் தோட்டத்துத் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், பறவைகளை ஆராய வந்திருந்த யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலையைக் கட்டி அதைப் பிடித்திருந்தார். பள்ளி விடுமுறையில் சும்மா திரிந்த ஒன்பது வயதுப் பெண்ணான என்னை இறுக்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதன் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் ஒன்றை மாட்டினார்.

விடியலிலும் அந்தியிலும் நேரம் தவறாமல் கூவுவதால் அதை நாங்கள் "ஆறுமணிக் குருவி" என்போம். "இது இந்தியாவில இருந்து பறந்து வந்தது பிள்ளை," என்றார் மிஸ். இத்தனூண்டு உடம்பு கடலைத் தாண்டியதா, திரும்பிப் போக வழி எப்படித் தெரியும், அடுத்த வருடமும் எங்கள் மலைக்கேதான் வருமா என்று நான் துளைத்தெடுத்ததில் அவர் சிரித்துவிட்டார். "அதை அறியத்தானே இந்த நம்பர். இனி எங்க ஆர் பிடிச்சாலும் இஞ்ச வந்து போனதெண்டு தெரியும்."

மூன்றாம் நாள் காலை, எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் பூனையின் வாயிலிருந்து அதே குருவியை அப்பா மீட்டுக்கொண்டு வந்தார். நல்லவேளை, காயம் இல்லை. ஆனால் அதன் காலைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"எந்தப் பாவி இதுக்கு நம்பர் போட்டான்? எங்க தாத்தா தோட்ட வேலைக்கு இந்தியாவுல இருந்து வந்தப்ப அவருக்கும் இப்பிடித்தான் மண்டபம் கேம்புல தகரத்துல நம்பர் அடிச்சு, கழுத்துல மாட்டி அனுப்புனாங்க," என்றபடி கம்பி வளைக்கும் குறடு ஒன்றை எடுத்தார்.

மாட்டும்போது பிடித்துக்கொண்டிருந்தவை இந்தக் கைகள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை ஒரு நாளும் கோபிக்காத அப்பா, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு என்று தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்று பயந்தேன். வளையம் கழன்றது. குருவி வேலிக்கு மேலாகப் பறந்து போயிற்று. அடுத்த மார்கழியில் ஆறுமணிக் குருவி எதைப் பார்த்தாலும் அதுவோ, வேறோ என்று தவித்தேன்; கேட்கவும் ஆளில்லை, மிஸ் பிறகு வரவேயில்லை.

இன்று அந்தக் காட்டோரம் மரக்கறித் தோட்டமாகிவிட்டது. அந்தக் கூவலும் அங்கே கேட்பதில்லை. பதுளையில் என்னோடு இருக்கும் அப்பாவிடம் போன மாதம்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"திரும்பி வருதான்னு பாக்கவா அத மாட்டுனாங்க? அன்னைக்கே சொல்லியிருந்தா, அதே குறட்டால நானே திருப்பி மாட்டி விட்டிருப்பேனேம்மா."